தாக்காமல் கழிந்த சுற்று

போக்கிமான் ஸ்கார்லெட் ஒரு வீடியோ விளையாட்டு: போக்கிமான் என்ற பிராணிகளைப் பிடித்து, வளர்த்து, மோதவிட வேண்டும். அதில் என் கார்ச்சோம்ப்பை நூறாவது நிலைவரை வளர்த்திருந்தேன். கதையில் எதிர்ப்பட்டவர்களை எல்லாம் அது ஒரே அடியில் சாய்த்திருந்தது. அந்த மிதப்பில்தான் ஒரு நள்ளிரவில் மனிதர்களோடு இணையத்தில் மோதும் தரவரிசை ஆட்டத்துக்குள் நுழைந்தேன். ஆட்டம் தொடங்கியது. திரையில் என் கார்ச்சோம்ப் ஐம்பதாவது நிலையில் நின்றது. எதிரே நின்றவையும் ஐம்பது. அங்கே எல்லாவற்றையும் ஐம்பதாக்கிவிட்டுத்தான் மோதவிடுகிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. வாரக்கணக்கில் சேர்த்த அனுபவப் புள்ளிகள் ஒரு நொடியில் காற்றோடு போயின.

சரி, நிலை போனால் என்ன, வலு இருக்கிறதே என்று எர்த்குவேக் என்ற நிலநடுக்க வித்தையைத் தேர்ந்தெடுத்தேன். அது இரட்டையர் ஆட்டம். ஒரு பக்கத்துக்கு இரண்டு போக்கிமான்கள். என் பக்கம் கார்ச்சோம்ப், அருகில் ஸ்கெலிடர்ஜ். எதிர்ப்பக்கம் அமூங்கஸ் என்ற காளானும், நெருப்பு வகை ஒன்றும். நெருப்புக்கு நில வகை அடி ஆகாது, நிலநடுக்கம் வந்தால் அந்த நெருப்பு வகை அன்றோடு சரி என்று கணக்குப் போட்டேன்.

எதிராளி நெருப்பு வகையை உள்ளே அழைத்துக்கொண்டு, அதன் இடத்தில் டிராகோனைட்டை இறக்கினார். அது பறக்கும் வகை; நிலம் நடுங்கினால் அதற்கு என்ன? அமூங்கஸ் ப்ரொடெக்ட் என்ற காப்பு வித்தையைப் போட்டுக்கொண்டது. எர்த்குவேக் அவற்றின் மேல் துரும்பளவும் படவில்லை. ஆனால் அது களத்தில் நிற்கும் அத்தனை பேரையும் தாக்கும் வித்தை, பக்கத்தில் நிற்கும் தோழனையும் சேர்த்து. நெருப்பும் ஆவியும் கலந்த என் ஸ்கெலிடர்ஜுக்கு நில வகை அடி இரட்டிப்பாக விழும். விழுந்தது. எதிரி என்னை ஒரு முறைகூடத் தாக்கவில்லை. என் பக்கத்தில் ஒன்று பாதிக்கு மேல் உயிரை இழந்து நின்றது.

அந்த ஆட்டம் மொத்தம் ஐந்து சுற்றில் முடிந்தது. அதன் பிறகு நான் ஆடிய சில ஆட்டங்கள் அவ்வளவுகூட நீடிக்கவில்லை.

அக்கா மகனுக்கு 15 வயது. இந்த விஷயத்தில் அவன் எனக்கு மூத்தவன். என் புலம்பலை எல்லாம் கேட்டுவிட்டு அவன் கேட்டது ஒரே கேள்வி. "மாமா, எதிரே ஆடுகிறவர் மரமா, நீங்கள் வெட்டும்வரை நிற்பதற்கு?"

கதை ஆட்டம் நமக்குக் கெட்ட பழக்கம் ஒன்றைக் கற்றுத்தருகிறது. அங்கே எதிரி ஒரு போக்கிமானை இறக்கினால், அது விழும்வரை பெரும்பாலும் அங்கேயே நிற்கும். நீர் வகையின் முன்னால் தன் நெருப்பு வகை எரிந்துகொண்டு நிற்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஆகவே நம் மூளை ஒரே ஒரு கணக்கைத்தான் பழகுகிறது: எதிரே என்ன நிற்கிறது, அதற்கு எது ஆகாது, அதைப் போடு. மனிதரோடு ஆடும்போது, எதிரே நிற்பது இந்தச் சுற்றில் அங்கே நிற்குமா என்பதே முதல் கேள்வி. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கட்டளையைத் தேர்ந்தெடுக்கிறார்கள், இரண்டும் ஒன்றாகத் திறக்கப்படுகின்றன. மாற்றம் எப்போதும் அடிக்கு முன்னால் நடந்துவிடும். நான் அடித்தது அங்கே நின்றதை. அடி வாங்கியது வந்து நின்றது.

என்னைப் போல இடையில் பல ஆண்டுகள் விட்டுவிட்டுத் திரும்பி வருகிறவர்களுக்கு இன்னொரு பள்ளமும் இருக்கிறது. வகைப் பொருத்தம் எனக்கு மனப்பாடம். சிக்கல் என்னவென்றால், என் மனப்பாடம் பழையது. 2013இல் எக்ஸ், ஒய் ஆட்டங்கள் வந்தபோது ஃபேரி என்ற பதினெட்டாவது வகை சேர்ந்தது. டிராகன் வகை அடி அதன்மேல் படவே படாது. எஃகு வகைக்கு ஆவி, இருள் வகைகளின் அடியைத் தாங்கும் சலுகை முன்பு இருந்தது. அதே ஆண்டில் அதையும் பறித்துவிட்டார்கள். நான் ஒரு ஃபேரியின் மேல் டிராகன் வித்தையைப் போட்டுவிட்டு, 'பாதிப்பில்லை' என்று திரையில் வந்ததும் ஆட்டத்தில் ஏதோ கோளாறு என்றே நினைத்தேன்.

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது போக்கிமான் ஷோடவுன். உலாவியில் ஓடும் இலவச மோதல் களம் அது. அங்கே எதையும் பிடிக்க வேண்டாம், வளர்க்க வேண்டாம். எந்தப் போக்கிமான், என்ன வித்தைகள், அது சுமக்கும் கைப்பொருள் என்ன என்று எழுதிக் கொடுத்தால் அடுத்த நிமிடம் களத்தில் இருக்கலாம். அதிலேயே ரேண்டம் பேட்டில் என்று ஒரு பிரிவு உண்டு: இரண்டு பேருக்கும் ஆளுக்கு ஆறு போக்கிமான்களை அதுவே குலுக்கிப்போட்டுத் தரும். முதல் ஒரு மாதத்துக்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. அணி மோசம் என்று சாக்குச் சொல்ல வழியில்லை. இரண்டு பேருக்கும் குலுக்கல்தான். முன்பின் பார்த்திராத போக்கிமான்கள் வந்து விழுவதால், எது என்ன செய்யும் என்பது அடிபட்டு அடிபட்டு மனத்தில் பதிகிறது. நான் அப்படிப் படித்தவைதான் இன்றுவரை மறக்காமல் இருக்கின்றன.

அதற்குப் பிறகு இரண்டு வீடுகள். ஒன்று ஒற்றையர் ஆட்டம்: ஆறுக்கு ஆறு, ஒரு நேரத்தில் ஒன்றுக்கு ஒன்று. இதில் ஸ்மோகன் என்ற ரசிகர் குழு வகுத்த விதிகளே வழக்கு. எந்தப் போக்கிமான் எவ்வளவு பேரால் எடுக்கப்படுகிறது என்பதைப் பார்த்து அடுக்கடுக்காகப் பிரித்திருக்கிறார்கள். அதனால் மேல் அடுக்கில் இடம் கிடைக்காதவற்றுக்கும் கீழே ஒரு வாழ்க்கை உண்டு. இன்னொன்று, அதிகாரப்பூர்வப் போட்டிகளில் நடக்கும் இரட்டையர் ஆட்டம். ஆறு பேரைக் கொண்டுபோகலாம், எதிராளியின் ஆறையும் பார்த்துவிட்டு நாலு பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரே கைப்பொருளை இரண்டு பேருக்குக் கொடுக்கக் கூடாது. எல்லாம் ஐம்பதாவது நிலை. எனக்குப் பிடித்தது இதுதான். ஒற்றையர் ஆட்டம் பொறுமையான சதுரங்கம் மாதிரி. இதுவோ நாலு பேர் ஒரே நேரத்தில் பேசும் அறை மாதிரி. யார் பேச்சு யாருக்கு என்று புரியவே சில வாரங்கள் ஆகும்.

அணி விஷயத்தில் ஒரு பிடிவாதத்தைக் கைவிட்டால் பல மாதங்கள் மிச்சம். புதிதாக வருகிறவர்கள் எல்லாருக்கும் சொந்த அணியோடுதான் ஜெயிக்க வேண்டும் என்று ஒரு ரோஷம் இருக்கிறது. எனக்கும் இருந்தது. சமையல் தெரியாதவன் முதல் நாளே புது பதார்த்தம் கண்டுபிடிக்கப் பார்ப்பது போன்றது இது. அனுபவசாலிகளின் அணிகளை ஆட்டத்துக்குள்ளேயே ஒரு குறியீட்டை உள்ளிட்டு வாடகைக்கு எடுக்கலாம். எடுத்து, அதே அணியை மாற்றாமல் ஐம்பது ஆட்டம் ஆட வேண்டும். இந்தப் போக்கிமானுக்கு ஏன் இந்த வித்தையைக் கொடுத்திருக்கிறார்கள் என்று இருபதாவது ஆட்டம்வரை புரியாது. பிறகு ஒரு நாள், அந்த ஒரு வித்தை இல்லாவிட்டால் செத்தோம் என்ற கட்டம் வரும். அப்போது புரியும்.

எண்களைப் பற்றிப் பேசாமல் இந்தப் பக்கம் நகர முடியாது. பலர் பயந்து ஓடுவது இங்கேதான். உண்மையில் இங்கே ஓடுவதற்கு ஒன்றுமில்லை. ஒவ்வொரு போக்கிமானுக்கும் ஆறு அளவுகள்: உயிர், தாக்குதல், தற்காப்பு, சிறப்புத் தாக்குதல், சிறப்புத் தற்காப்பு, வேகம். ஒவ்வொன்றிலும் இனத்துக்கென்று ஓர் அடிப்படை எண் உண்டு. அதன்மேல் ஐவி என்ற பிறவி எண் 0 முதல் 31 வரை. அதன்மேல் ஈவி என்ற பயிற்சிப் புள்ளிகள்: மொத்தம் 510, ஓர் அளவில் அதிகபட்சம் 252. கடைசியாகச் சுபாவம்: மொத்தம் 25, அவற்றில் ஐந்து ஒன்றையும் மாற்றாது, மற்றவை ஓர் அளவைப் பத்து சதவீதம் கூட்டி வேறொன்றைப் பத்து சதவீதம் குறைக்கும். இவ்வளவுதான் பாடம்.

இது ஏன் பொருட்படுத்த வேண்டியது என்பதை ஒரே எடுத்துக்காட்டில் சொல்லிவிடலாம். கார்ச்சோம்ப்பின் அடிப்படை வேகம் 102. சாரிசார்டு முதலிய பெரிய கூட்டம் ஒன்றுக்கு 100. இரண்டு எண் வித்தியாசம் யாருக்கும் ஒரு பொருட்டாகத் தெரியாது. வேகத்தில் எல்லாப் புள்ளிகளையும் போட்டு, வேகம் கூட்டும் சுபாவத்தையும் கொடுத்தால், ஐம்பதாவது நிலையில் கார்ச்சோம்ப்புக்கு 169, சாரிசார்டுக்கு 167. அந்த இரண்டு புள்ளியால் ஒவ்வொரு முறையும் கார்ச்சோம்ப்தான் முந்தும். முந்துகிறவர் வீழ்த்திவிட்டால் மற்றவருக்கு அந்தச் சுற்றே கிடையாது. ஈவியை எல்லா அளவுகளிலும் சமமாகத் தெளித்து வைத்திருந்த என் கார்ச்சோம்ப், சாரிசார்டுக்கு மட்டுமில்லை, நான் பெயர்கூடச் சொல்லக் கூச்சப்படும் சிலவற்றுக்கும் பின்னால்தான் ஓடிக்கொண்டிருந்தது.

எண்ணில் எனக்குப் பிடித்துப்போன வேடிக்கை டிரிக் ரூம். அந்த வித்தையைப் போட்டால் சில சுற்றுகளுக்கு வேகத்தின் வரிசை தலைகீழாகும். மெதுவானது முதலில் நகரும். டார்க்கோல் என்ற ஆமையின் அடிப்படை வேகம் 20. அதை டிரிக் ரூமுக்காக வளர்க்கிறவர்கள், வேகத்தைக் குறைக்கும் சுபாவத்தைத் தேடி எடுப்பார்கள், வேகத்தின் பிறவி எண் பூச்சியமாக இருக்கும் குட்டியைத் தேடி அலைவார்கள். எல்லாம் கூடிவந்தால் அதன் வேகம் 22. அந்த 22, என் 169க்கு முன்னால் நகர்ந்து, முழு உயிரோடு இருக்கையில் 150 வலுவுள்ள இரப்ஷன் என்ற வித்தையைக் கக்கும். மிக மோசமான எண்ணுக்கு ஆசைப்படும் மனிதர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

முன்பு இந்த எண்களைச் சரியாக்க முட்டை முட்டையாகப் பொரிக்க வேண்டியிருந்தது. டெஸ்டினி நாட் என்ற சிவப்புக் கயிற்றைத் தாய் தந்தையில் ஒன்றுக்குக் கட்டிவிட்டால் இருவரின் பிறவி எண்களில் ஐந்து குட்டிக்கு இறங்கும். ஆறாவது எண்ணுக்குக் கடவுள் விட்ட வழி. நான் இரண்டு வாரம் அப்படிக் குஞ்சு பொரித்தேன். முடிந்த பிறகுதான் பாட்டில் கேப் கொடுத்தால் பிறவி எண்ணை முழுதாக்கியதுபோல் செய்துகொள்ளலாம், மின்ட் கொடுத்தால் சுபாவத்தின் பலனை மாற்றிக்கொள்ளலாம் என்பது தெரிந்தது. முதலாவது 2016இலும் இரண்டாவது 2019இலும் வந்துவிட்டவை. அந்த இரண்டு வாரத்தைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

இனி ப்ரொடெக்டுக்கு வருகிறேன். வித்தைக்கு ஒரு போக்கிமானுக்கு நாலே இடம். அந்த நாலில் ஒன்றை, யாருக்கும் ஒரு கீறல்கூடப் போடாத ஒரு வித்தைக்குக் கொடுப்பது எனக்குப் பெரிய வீணாகத் தெரிந்தது. வாடகை அணியில் ஆறில் நாலு பேரிடம் அது இருந்தது. இரண்டு முறை அதை எடுத்துவிட்டு வேறு தாக்கும் வித்தையைப் போட நினைத்தேன். வாடகை அணியில் அதைத் திருத்த முடியாது என்பதால் தப்பித்தேன்.

ப்ரொடெக்ட் போட்ட போக்கிமான் அந்தச் சுற்றில் ஏறத்தாழ எந்த அடியிலிருந்தும் தப்பிக்கும். அடுத்த சுற்றிலும் உடனே போட்டால் பலிப்பது மூன்றில் ஒரு முறைதான். ஆகவே இதையே கட்டிக்கொண்டு காலம் தள்ள முடியாது. அதில் என்ன லாபம் என்றால், சுற்று ஒன்று கழிகிறது. இந்த ஆட்டத்தில் பல காரியங்களுக்குக் கெடு உண்டு. டெயில்விண்ட் என்ற காற்று வித்தை ஒரு பக்கத்தாரின் வேகத்தை இரட்டிப்பாக்கும், ஆனால் போட்ட சுற்றையும் சேர்த்து நாலு சுற்றுக்குத்தான். டிரிக் ரூமுக்கு அதே கணக்கில் ஐந்து. எதிராளி டெயில்விண்டைப் போட ஒரு சுற்றைச் செலவழித்திருக்கிறார். நான் காப்புக்குள் உட்கார்ந்து இன்னொரு சுற்றைக் கழித்தால் அவருடைய முதலீட்டில் பாதி போய்விட்டது. ஃபேக் அவுட் என்று ஒன்று, களத்துக்கு வந்த முதல் சுற்றில் மட்டும் பலிக்கும், பட்டவர் அந்தச் சுற்றில் அசைய முடியாது. அது வரும் என்று தெரிந்து காப்புப் போட்டால் அவர் கையில் இருந்த ஒரே தோட்டா சுவரில் பட்டது. சாய்ஸ் ஸ்கார்ஃப் என்ற கைப்பொருளைக் கட்டிய போக்கிமான் ஒன்றரை மடங்கு வேகத்தில் வரும், ஆனால் வெளியே போய்த் திரும்பும்வரை முதலில் எடுத்த வித்தையை விட்டு வேறு போட முடியாது. அது என்ன வித்தை என்று காப்புக்குள்ளிருந்து சேதமில்லாமல் பார்த்துக்கொள்ளலாம்.

இரட்டையர் ஆட்டத்தில் இன்னொன்றும் உண்டு. எதிராளியின் போக்கிமான்கள் இரண்டும் சேர்ந்து என் ஒருவனைக் குறிவைத்த சுற்றில் அவன் காப்புப் போட்டுவிட்டால், அவர்களுடைய இரண்டு அடியும் வீண், என் மற்றவன் ஓர் அடி அடித்தாயிற்று. இதை முதல் முறை வேண்டுமென்றே செய்து, எதிர்பார்த்தபடியே நடந்தபோது, நாற்காலியை விட்டு எழுந்து அறைக்குள் ஒரு நடை நடந்து வந்தேன். ஒரு சுற்றுக்குக் கிடைப்பது 45 விநாடி என்பதால் ஓடித்தான் நடந்தேன்.

மாற்றுவதும் இதே குடும்பம்தான். என் அணியில் கயராடாஸ் இருந்தது. அதன் இன்டிமிடேட் என்ற இயல்பு, அது களத்தில் கால் வைத்தவுடன் எதிரிகளின் தாக்குதலை மூன்றில் இரண்டாகக் குறைத்துவிடும். ஒவ்வொரு முறை உள்ளே வரும்போதும். எனவே அதை வெளியே எடுத்து மறுபடி இறக்குவதே ஒரு வேலை. நான் முதல் சில வாரங்கள் அதை முதலில் இறக்கி, விழும்வரை வைத்து அடித்துக்கொண்டிருந்தேன். அதை எப்போது உள்ளே அழைக்கிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்த மருமகன் ஒரு கட்டத்தில் பெருமூச்சு விட்டான். பதில் தெரிந்த கேள்வி என்பதால் நானும் கேட்கவில்லை. அதோடு, கயராடாஸ் பறக்கும் வகையும்கூட. கார்ச்சோம்ப் பக்கத்தில் அதை நிறுத்தினால் எர்த்குவேக் அதைத் தொடாது. ஸ்கெலிடர்ஜைப் பாதி கொன்ற அந்த முதல் ஆட்டத்திலும் அது பின்வரிசையில் உட்கார்ந்துதான் இருந்தது.

ஒற்றையர் ஆட்டத்தில் மாற்றுவது இன்னும் அதிகம். அதனால்தான் அங்கே மாற்றத்துக்கு வரி விதிக்கும் வித்தைகள் முக்கியம். ஸ்டெல்த் ராக் ஒரு முறை போட்டால் எதிர்ப்பக்கத்தில் கற்கள் மிதந்துகொண்டிருக்கும். யார் உள்ளே வந்தாலும் குத்தும். சாதாரணமாக எட்டில் ஒரு பங்கு உயிர். நெருப்பும் பறத்தலும் சேர்ந்த சாரிசார்டுக்கு உள்ளே வந்த மாத்திரத்தில் பாதி உயிர் போய்விடும். நான் இந்தப் பக்கம் அதிகம் ஆடியதில்லை என்பதால் இதோடு விட்டுவிடுகிறேன்.

தாக்காமல் ஜெயிப்பதைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகு 2014ஐச் சொல்லாமல் இருக்க முடியாது. அந்த ஆண்டு வாஷிங்டனில் நடந்த உலகப் போட்டியில் தென் கொரியாவின் செஜுன் பார்க் பட்டம் வென்றார். அவர் அணியில் பச்சிரிசு இருந்தது. வெள்ளையும் நீலமுமான மின்சார அணில். ஆறு அடிப்படை எண்களையும் கூட்டினால் 405. கார்ச்சோம்ப்புக்கு அது 600. அதை யாரும் போட்டிக்கு எடுத்துப் போக மாட்டார்கள். அதன் முக்கிய வேலை ஃபாலோ மீ: எதிரிகளின் அடியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வது. மின்சார அடி நாலு மடங்காக விழும் கயராடாஸ் அதே அணியில் இருந்தது. பச்சிரிசுவுக்கோ மின்சார அடி பட்டால் உயிர் குறைவதற்குப் பதில் கூடும். இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். அந்த ஆட்டத்தின் காணொலியை நான் தொடக்கத்திலேயே பார்த்துவிட்டு, அழகான அணில் ஒன்று ஜெயித்தது என்று மட்டும் நினைவில் வைத்திருந்தேன். ஓராண்டு ஆடிய பிறகு மறுபடி பார்த்தேன். அணில் மீது கண் போகவேயில்லை. எதிராளியின் அடி எந்தப் பக்கம் திரும்புகிறது, அதற்குள் அணிலின் பக்கத்தில் நிற்பது எதைச் செய்து முடிக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதிர்ஷ்டத்தைப் பற்றிச் சண்டை போடாத ஆட்டக்காரர் இல்லை. ஒவ்வோர் அடியும் 85 முதல் 100 சதவீதத்துக்குள் பதினாறு அளவுகளில் ஏதோ ஒன்றாக விழும். 24இல் ஒரு முறை அடி ஒன்றரை மடங்காகும். ராக் ஸ்லைடு என்ற வித்தை பட்டால் நூற்றுக்கு முப்பது முறை நம்மவர் திகைத்து நின்றுவிடுவார். ஒரே ஆட்டத்தில் மூன்று சுற்று தொடர்ந்து திகைத்து நின்ற இரவில் நான் கையில் இருந்ததை மெத்தைமேல் எறிந்திருக்கிறேன். மெத்தையைத் தேர்ந்தெடுத்து எறிந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பிறகு மருமகன் சொல்லி ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். தோற்ற ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு வரி: எந்தச் சுற்றில் போயிற்று, ஏன். முதலில் எல்லா வரியும் 'அதிர்ஷ்டம் இல்லை' என்றே இருந்தது. அவன் அதைப் படித்துவிட்டு, "இதில் ஹைட்ரோ பம்ப் தவறியது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை யார் தேர்ந்தெடுத்தது?" என்றான். ஹைட்ரோ பம்பின் வலு 110, நூற்றுக்கு எண்பது முறை படும். சர்ஃப் என்ற இன்னொரு நீர் வித்தைக்கு 90, எப்போதும் படும். ஹைட்ரோ பம்ப் தொடர்ந்து இரண்டு முறை பட்டால்தான் ஜெயிக்கலாம் என்று நான் திட்டம் போட்டிருந்தால், அது நூற்றில் 64 முறை பலிக்கும் திட்டம். அது தவறியபோது மேலே பார்த்துத் திட்டினேன். சேதக் கணிப்பான் என்ற கருவி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இந்த அடி அவரை வீழ்த்துமா, பதினாறில் எத்தனை அளவுகளில் வீழ்த்தும் என்று அது சொல்லும். ஆட்டம் முடிந்த பிறகு அதில் போட்டுப் பார்த்தால், நான் விதியென்று எழுதியவற்றில் பெரும்பாலானவை நானே வாங்கிக்கொண்ட வினை. உண்மையிலேயே வழி எதுவுமே இல்லாமல் தோற்றவை அந்த நோட்டில் கைவிரல்களுக்குள் அடங்கின. அவற்றை மட்டும் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன். அந்தப் பக்கத்தைத் திறந்தால் மனசுக்கு இதமாக இருக்கும்.

ஒவ்வொரு தலைமுறை ஆட்டத்திலும் புது வித்தாரம் ஒன்று வரும். 2013இல் மெகா வடிவம், 2016இல் இசட் வித்தை, 2019இல் டைனமேக்ஸ், 2022இல் டெரஸ்டல். கடைசியாகச் சொன்னது, ஆட்டத்துக்கு ஒரு முறை ஒரு போக்கிமானின் வகையையே மாற்றிவிடும். என்ன வகை என்பது அதைப் போடும்வரை மறைவு. ஸ்கார்லெட்டின் அதிகாரப்பூர்வப் போட்டிகளில் இரண்டு பேரும் தங்கள் அணிப் பட்டியலைப் பரிமாறிக்கொள்கிறார்கள், அதில் இதுவும் இருக்கும். இணையத் தரவரிசையில் ஊகம்தான். இது கெட்டதா நல்லதா என்று பக்கம் பக்கமாக விவாதம் நடக்கிறது. எனக்கு இது பிடிக்கும். அதனால் தோற்ற ஆட்டங்களைச் சேர்த்தே சொல்கிறேன்.

போன மாதம் ஷோடவுனில் ஆடிய ஓர் ஆட்டம். எதிராளியின் டெயில்விண்டுக்கு அதுதான் கடைசிச் சுற்று. அவர் பக்கம் பாதி உயிரில் ஆர்க்கனைன், முழு உயிரில் கோல்டெங்கோ என்ற நாணய மனிதன். என் பக்கம் கார்ச்சோம்ப், கயராடாஸ், பின்னால் ஸ்கெலிடர்ஜ். ஆர்க்கனைனின் வேகம் அதிகபட்சம் 161. காற்று இருக்கும்வரை 322, என்னால் தொட முடியாது. காற்று நின்றால் 161, என்னிடம் 169. நான் இரண்டு பேருக்கும் ப்ரொடெக்ட் கொடுத்தேன். அவர் இரண்டு பேராலும் அடித்தார். ஒன்றும் நடக்கவில்லை. திரையில் காற்று அடங்கியது.

அடுத்த சுற்றில் எர்த்குவேக். கயராடாஸுக்கு மேலாக அது கடந்து போனது. ஆர்க்கனைன் விழுந்தது. கோல்டெங்கோ அதே சுற்றில் டெரஸ்டல் போட்டுப் பறக்கும் வகையாக மாறியிருந்தது. நிலநடுக்கம் அதைத் தொடவில்லை. அதன் மேக் இட் ரெயின் என்ற எஃகு வித்தை காசு மழையாக இரண்டு பேர்மேலும் கொட்டியது. ஏற்கெனவே அடிபட்டிருந்த கார்ச்சோம்ப் விழுந்தது. மிச்சத்தைக் கயராடாஸ், கடைசிச் சொட்டு உயிரில், முடித்துவைத்தது.

அந்த ஆட்டத்தின் பதிவை மருமகனுக்கு அனுப்பினேன். இரண்டு பேரும் காப்புப் போட்ட சுற்றுக்காகத்தான் அனுப்பினேன் என்பது அவனுக்கும் தெரியும். அதைப் பார்த்துத் தலையாட்டினான். பிறகு அடுத்த சுற்றுக்கு நகர்த்தி நிறுத்தினான்.

"இது சரி மாமா. ஆனால் இந்தச் சுற்றில் கார்ச்சோம்ப் விழ வேண்டியதே இல்லை. எஃகு அடியைப் பாதியாக்கும் ஸ்கெலிடர்ஜ் பின்னால் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறது?"

"அப்புறம் ஆர்க்கனைனை யார் அடிப்பது?"

"கயராடாஸ் நீர் வகை மாமா."

பதிவை மறுபடி பின்னுக்குத் தள்ளினேன்.